அவசரச் சர்க்கரை

என் மகளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பள்ளியில் எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த வருடம்தான் பள்ளி ‘சர்க்கரையற்ற வளாகம்’ ஆகியிருந்தது. வாசலில் பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே படிக்கட்டில் படிக்கு ஒரு வாசகம். முதல் படியில், சர்க்கரை நம் எதிரி. இரண்டாவதில், எதிரிக்கு வாயில் இடம் கொடாதே. மாடிக்குப் போய்ச் சேருவதற்குள் பதினெட்டு வாசகங்கள். எதிரி இருந்தது, எச்சரிக்கை இருந்தது. அடிபட்டவர் என்று காட்டத்தான் ஆள் இல்லை. வாலு கிடைத்தாள்.

வாலு என் மகள். எட்டு வயது. நல்ல பெயர் ஒன்று பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள்.

நான் ரப்பர் ஸ்டாம்ப் செய்பவன். ஒரு மேசை, ரப்பரில் எழுத்தைப் பதிக்க ஒரு வெளிச்சப் பெட்டி, இரண்டு நாற்காலி. அதுதான் கடை. அதிகார முத்திரை என்றால் அந்த அலுவலகத்தின் கடிதம் கேட்பேன். செய்து முடித்ததும் என் பதிவேட்டில் ஓர் அச்சு வைத்துக்கொள்வேன். இருபது வருடத்தில் கடிதம் இல்லாமல் ஒரு முத்திரை செய்ததில்லை. காகிதத்தில் முத்திரை விழுந்துவிட்டால் அதில் எழுதியிருப்பது நடக்கும் என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

வாலு நான்கு வாரம் தண்ணீர் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். படுக்கையை நனைத்தாள். உடம்பு இளைத்தது. வளர்கிற பிள்ளை என்றேன். தண்ணீர் பாட்டிலை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவள் நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். திட்டினேன். ஐந்தாம் வாரம் மருத்துவமனையில் அவளுக்குக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை.

மருத்துவர் இளம்பெண். பொறுமையாகச் சொன்னார். கணையம் இன்சுலின் சுரக்கிறது. அதைச் சுரக்கிற செல்களை உடம்பே எதிரி என்று நினைத்து அழித்துவிட்டது. இனி ஊசி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். தினமும், நான்கு வேளை.

“சனிக்கிழமையானா மிட்டாய் வாங்கிட்டுப் போவேன் டாக்டர்” என்றேன்.

“அதனால வரலைங்க.”

“ரெண்டு வாங்குவேன்.”

“நாலு வாங்கியிருந்தாலும் அதனால வராது. இது மிட்டாயால வர்ற நோய் இல்லை. யாரோட தப்பும் இல்லை.”

எட்டு வாங்கியிருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.

“சர்க்கரை கூடினா ஆபத்துன்னு எல்லாருக்கும் தெரியும்” என்றார் மருத்துவர். “குறைஞ்சா அதைவிட அவசரம். ஊசி போட்டுச் சாப்பிடாம இருந்தா, ஓடியாடி விளையாடினா, சட்டுனு இறங்கும். கை நடுங்கும். வேர்க்கும். முகம் வெளுக்கும். பேச்சு குழறும். அப்ப உடனே நாலு குளுக்கோஸ் மாத்திரை. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மீட்டர்ல பாருங்க. எழுபதுக்கு மேல ஏறலைன்னா மறுபடி நாலு. விட்டா மயக்கம் போட்டுடும், வலிப்பு வரும். அதனால யாரையும் கேக்க வேண்டாம். முதல்ல வாயில. அப்புறம் பேச்சு.”

எழுதிக்கொண்டேன். கீழே கையெழுத்தும் முத்திரையும் கேட்டேன். போட்டுக் கொடுத்தார்.

*

“உங்க பொண்ணு எங்களுக்கு வரமா வந்திருக்கா சார்” என்றார் தலைமையாசிரியை. “இவ்வளவு நாளா சர்க்கரை கெடுதல்னு வாயாலதான் சொல்லிட்டு இருந்தோம். இனி கையால காட்டலாம்.”

கையால் வாலுவைக் காட்டினார். வாலு பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

நான் குளுக்கோஸ் மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“சர்க்கரை நோய்க்குச் சர்க்கரையா? தீப்பட்ட இடத்துல தீ வைப்பீங்களா?”

மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“சீல் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு.”

“நான் செஞ்சது மேடம்.”

“அப்படியா? நல்ல வேலை” என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். படித்தாரா என்று தெரியவில்லை.

மறுவாரம் குழு அமைத்தார்கள். நிர்வாகி, தலைமையாசிரியை, விளையாட்டு ஆசிரியர். நிர்வாகியின் அறையில் கூட்டம். அவர் முன்னால் தேநீர் இருந்தது. பேசும்போது கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். எதைக் கலக்கினார் என்று நான் கேட்கவில்லை.

“நாங்க பாகுபாடு பாக்குறதில்லை” என்றார். “ஒரு பிள்ளை சாப்பிட்டா எல்லாப் பிள்ளையும் கேக்கும். எல்லாரும் சாப்பிட்டா பலகையைக் கழட்டணும். பலகையைக் கழட்டினா சுவத்துல நாலு ஓட்டை தெரியும். பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? ஒரு பிள்ளையோட உயிர் முக்கியம், நான் இல்லைன்னு சொல்லலை. அதனாலதான் அதுக்குன்னு ஒரு நடைமுறை வேணும்ங்கறேன்.”

நடைமுறை இரண்டு வாரத்தில் தயாரானது. மாத்திரைகள் இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தலைமையாசிரியையிடம், இன்னொன்று விளையாட்டு ஆசிரியரிடம். சர்க்கரை குறைந்த மாணவி முதலில் படிவம் நிரப்ப வேண்டும். மூன்று பிரதி. காரணத்தைத் தன் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும்.

“அப்ப கை நடுங்கும்ங்க” என்றேன்.

“நடுங்கினா நிதானமா எழுதட்டும். அவசரப்படுத்த மாட்டோம்” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

பிறகு வகுப்பாசிரியை நடுக்கத்தை நேரில் கண்டு கையொப்பமிடுவார். தலைமையாசிரியை முத்திரை வைப்பார். பெட்டி திறக்கும்.

பெற்றோருக்குத் தனியாக ஓர் உறுதிமொழி. ‘எங்கள் கவனக்குறைவால் நேர்ந்த இந்நிலைக்கு வருந்துகிறோம். முத்திரை பெறாத எந்த இனிப்பையும் எங்கள் பிள்ளை இவ்வளாகத்தில் உட்கொள்ளாது என உறுதி கூறுகிறோம்.’ இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மனைவி படித்துவிட்டு வைத்தாள். “நான் போட மாட்டேன்.”

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

“என் கவனக்குறைவுன்னு நான் எதுக்குங்க எழுதித் தரணும்? டாக்டர் என்ன சொன்னாங்க?”

நான் கையெழுத்துப் போட்டேன். தயக்கமே இல்லை. தப்பு உன்னுடையது இல்லை என்று மருத்துவர் சொன்னார், மனைவி சொன்னாள், பக்கத்துக் கடைக்காரர்கூடச் சொன்னார். அத்தனை பேருக்கு நடுவில் பள்ளி ஒன்றுதான் என்னை நம்பியது. நாலு வாரமும் அந்தப் பாட்டிலும் அதில் எழுதியிருக்கவில்லை. இருந்திருந்தால் இரண்டு கையெழுத்தாகப் போட்டிருப்பேன்.

முத்திரைக்கான கடிதமும் அன்றே வந்தது. பள்ளியின் தாளில், முறைப்படி. எனக்கே வேலை கொடுத்திருந்தார்கள்.

அது நான் செய்த முத்திரைகளில் நல்லது. நீள்வட்டம். வெளிக்கோடு இரட்டை. நடுவில் இரண்டு வரி. ‘அவசரச் சர்க்கரை’, கீழே ‘அனுமதிக்கப்பட்டது’. எழுத்துருவை மூன்று முறை மாற்றினேன். வெளிச்சப் பெட்டியில் வைத்து, கழுவி, ஓரம் வெட்டி, கைப்பிடியில் ஒட்டினேன். பதிவேட்டில் அச்சு வைத்தேன். வாலு பக்கத்தில் நின்று பார்த்தாள். தன் கையில் வைத்துக்கொண்டாள், காலில் வைத்துக்கொண்டாள், என் முழங்கையில் வைத்தாள்.

“இது எனக்குன்னு செஞ்சதா?”

“உனக்குத்தான்.”

“ஸ்கூல்ல வேற யாருக்கும் சொந்தமா ஸ்டாம்ப் கிடையாது” என்றாள். பெருமை தாங்கவில்லை.

*

என் மனைவி தையல்காரி. வீட்டில் ஜன்னலோரம் மெஷின். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலுவின் சீருடைப் பாவாடையை மடியில் வைத்து இடுப்புப் பட்டியின் உட்பக்கம் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அது?”

“பை.”

“எதுக்கு?”

“நாலு மாத்திரைக்கு.”

வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அவள் தையல் அப்படி.

“நான் உறுதிமொழி கொடுத்திருக்கேன்” என்றேன்.

“நீங்கதானே கொடுத்தீங்க. நான் கொடுக்கலையே.”

“மாட்டினா?”

“மாட்டினா என்ன, இடுப்புல சர்க்கரை வெச்சிருந்தான்னு தூக்குல போடுவாங்களா?” நூலைப் பல்லால் கடித்தாள். “உங்க ஸ்டாம்ப் வர்ற வரைக்கும் பிள்ளை உக்காந்திருக்குமா? இதாவது இருக்கட்டும்.”

அவளிடம் பேசி ஜெயித்ததில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் வாலுவிடம் பேசினேன். அதுதான் நான் செய்தது.

“அம்மா வெச்சிருக்கிற மாத்திரையை நீயா எடுக்கக் கூடாது. சரியா? அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்.”

“கை நடுங்கினா?”

“மிஸ்கிட்ட சொல்லு. படிவம் வரும். ஸ்டாம்ப் வரும். அப்புறம் எடுக்கலாம்.”

“நீ செஞ்ச ஸ்டாம்பா?”

“நான் செஞ்சதுதான்.”

“அப்ப சரி” என்றாள்.

வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்தார். வருகிற ஒவ்வொருவரும் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். மிட்டாய் தின்றிருந்தால் நிறம் தெரிந்துவிடும். “ஆ காட்டு, ஆ காட்டு” என்று வரிசையைத் தள்ளிக்கொண்டிருந்தார். வாலு காட்டினாள். பெற்றோருக்கும் உண்டு. ஊசி போடப் பள்ளியில் யாரும் முன்வராததால் தினமும் பன்னிரண்டேகாலுக்கு நான் போய்ப் போட்டுவிட்டு வருவேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. ஆக, நான் தினமும் இரண்டு முறை நாக்கைக் காட்டினேன். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு காவலாளி கேட்பதற்கு முன்பே வாய் திறந்துகொண்டது.

ஒத்திகை ஒன்று நடத்தினார்கள். சர்க்கரை குறைந்தவளாக நடிக்க வேறொரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். வாலுவே நடித்தால் உண்மையா நடிப்பா என்று குழப்பம் வரும் என்றார்கள். அந்தப் பெண் நன்றாக நடுங்கினாள். படிவம் எழுதினாள். ஓரிடத்தில் அடித்துத் திருத்தினாள், வேறு படிவம் கொடுத்தார்கள். சாவிகள் வந்தன. முத்திரை விழுந்தது. இடையில் நடுங்கி அலுத்துப்போய் அவள் ஊஞ்சலுக்குப் போய்விட்டாள், அழைத்து வந்தார்கள். மொத்தம் பத்தொன்பது நிமிடம். கடிகாரத்தை உயர்த்திக் காட்டியதும் குழு கைதட்டியது.

நானும் தட்டினேன்.

*

பலகையின் முதலாம் ஆண்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை. பலகையைப் புதுப்பித்துத் தரும் மேலதிகாரி விருந்தினராக வருகிறார். வாலுதான் முக்கியப் பேச்சாளி. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பட்டை போட்டிருந்தார்கள். ‘சர்க்கரையால் பாதிக்கப்பட்டவள்.’ மனைவியிடம்தான் தைத்துத் தரச் சொன்னார்கள். துணி இல்லை என்று சொல்லிவிட்டாள். மெஷினைச் சுற்றித் துணி மலையாகக் கிடந்தது.

பன்னிரண்டேகாலுக்குப் போய் நாக்கைக் காட்டினேன். வாலுவுக்கு ஊசி போட்டேன். பன்னிரண்டரை ஆனது. சாப்பாட்டு மணி அடிக்கவில்லை.

“விருந்தினர் இன்னும் வரலை. அவர் வந்து, பேசி முடிச்சப்புறம்தான் சாப்பாடு” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

“ஊசி போட்டாச்சு சார். அவ சாப்பிட்டே ஆகணும்.”

“எல்லாப் பிள்ளையும்தானே சார் பசியோட இருக்கு. உங்க பொண்ணை மட்டும் தனியா நடத்தினா அவ மனசு என்ன பாடுபடும், யோசிங்க.”

யோசித்தேன். இரண்டாம் வரிசையில் எனக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு விருந்தினர் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. ஒன்றேகாலுக்கு, வழியில் இருக்கிறார். கூட்டம் சலசலக்க ஆரம்பித்ததால் நிர்வாகி மைக்கைப் பிடித்தார்.

“இந்தப் பள்ளியில் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் எந்த ஆபத்தும் நேர்ந்ததில்லை. சும்மா சொல்லவில்லை. ஆதாரமாக நாற்பத்திரண்டு கோப்புகள் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். கோப்பு நிற்கும். ஒரு பள்ளியின் உடல்நலம் என்பது அதன் கோப்புகளின் உடல்நலம்.”

கைதட்டல். பிறகு வாலுவைக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக்கின் முன் வந்து நின்றாள். “சர்க்கரை நம் எதிரி” என்றாள். நிறுத்தினாள். “சர்க்கரை நம் எதிரி” என்றாள் மறுபடி. எதையோ தேடுவது போல மேலே பார்த்தாள். சிரித்தாள். சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. “எதிரி நம்” என்றாள். நெற்றி பளபளத்தது. மைக்கைப் பிடித்திருந்த கை, மைக்கோடு சேர்ந்து ஆடியது. ஒலிபெருக்கியில் கடகடவென்று கேட்டது.

நடிக்கிறாள் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

நான் எழுந்தேன். மேடைப் படியருகே விளையாட்டு ஆசிரியர் கையை நீட்டித் தடுத்தார். நான் அவரிடம் ஒன்று கேட்டேன். அது மாத்திரை இல்லை.

“ஃபார்ம் கொண்டு வாங்க சார். சீக்கிரம்.”

படிவம் வந்தது. நடைமுறை நன்றாகப் பழகியிருந்தது. மேடையோரம் நாற்காலி போட்டு வாலுவை உட்காரவைத்துப் பேனாவைக் கையில் திணித்தார்கள். வகுப்பாசிரியை குனிந்து, நடுக்கத்தை நேரில் கண்டார். தலைமையாசிரியையின் சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. விளையாட்டு ஆசிரியர் தன் பைகளைத் தடவினார். விழாவுக்காகப் புது பேன்ட் போட்டு வந்திருந்தார். சாவி பழைய பேன்டில் இருந்தது. அதற்கு ஓர் ஆளை அனுப்பினார்கள்.

“அதுக்குள்ள சீல் வெச்சுடலாம்” என்றார் தலைமையாசிரியை. அமுக்கினார். விழவில்லை. ஒத்திகைக்குப் பிறகு யாரும் திறக்காமல் மை அட்டை காய்ந்துபோயிருந்தது.

என் பையில் எப்போதும் ஒரு மைப் புட்டி இருக்கும். தொழில் பழக்கம். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, அட்டையில் சொட்டுச் சொட்டாக மை விட்டு, விரலால் பரப்பினேன். சமமாகப் பரவ வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் தடித்து விழும். என் மகள் இரண்டடி தூரத்தில் வெளுத்துக்கொண்டிருந்தாள். நான் மை பரப்பிக்கொண்டிருந்தேன்.

மனைவி அப்போதுதான் வேலை முடித்து வந்து கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். அவள் ஓடி வந்ததை நான் பார்க்கவில்லை. என் தோளில் அவள் முழங்கால் இடித்தது மட்டும் தெரிந்தது. பாவாடை இடுப்பைப் புரட்டினாள். நான்கு மாத்திரைகளையும் எடுத்தாள்.

“கண்ணு, வாயைத் திற. மெல்லு. அம்மா பாரு. மெல்லுடா, நல்லா மெல்லு.”

வாலு மென்றாள். அதன் பிறகுதான் மனைவி கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து அவள் விரலில் குத்தினாள். நாற்பத்தெட்டு.

“மேடம், இன்னும் சீல் வைக்கலை” என்றார் தலைமையாசிரியை.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பத்து விரலும் ஊதா நிறம்.

பதினைந்து நிமிடம் கழித்து எண்பத்தொன்று. மனைவி பிஸ்கட் கொடுத்தாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் விருந்தினர் வந்துவிட்டார். மேடையில் ஒரு பெண் வெளுத்துக் கிடப்பதையும், தாய் அவளைத் தாங்கிப் பிடித்திருப்பதையும், தகப்பன் மண்டியிட்டிருப்பதையும் கண்டு முதல் வரிசையிலேயே நின்றுவிட்டார். பிறகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சர்க்கரையின் கொடுமையை இவ்வளவு தத்ரூபமாக நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை” என்றார் மைக்கில். “முக்கியமாக அந்தத் தகப்பன் வேடம். மை பூசிக்கொண்டு எதற்கும் உதவாமல் உட்கார்ந்திருந்தாரே. என்ன ஒரு கற்பனை.”

பலகை மூன்று வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. சாவி வாங்கப் போன ஆள் சாப்பாட்டு நேரத்தில் வந்து சேர்ந்தார்.

*

வீட்டில் வாலு கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. மனைவி பாவாடையைக் கையில் வைத்திருந்தாள்.

“ஏன்டி எடுத்துப் போட்டுக்கலை? இடுப்புலயே இருந்துச்சே.”

வாலு என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை.

“அப்பா செஞ்ச ஸ்டாம்ப் வரட்டும்னு இருந்தேன்.”

மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பாவாடைப் பையில் புதிதாக நான்கு மாத்திரைகளை எண்ணி வைத்து, மடித்து, என் கைக்கு எட்டாத மேல்தட்டில் வைப்பது போல அலமாரியில் வைத்தாள். எட்டாத உயரமில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியது.

“இனி தட்டு முன்னாடி வந்தப்புறம்தான் ஊசி” என்றாள். “டாக்டர்கிட்ட பேசிட்டேன்.”

“சரி.”

“மணி அடிச்சாலும், அடிக்காட்டியும்.”

“சரி.”

கையைக் கழுவப் போனேன். அந்த மை நாலைந்து நாளைக்குப் போகாது. நான் நல்ல மைதான் வாங்குவேன்.

*

திங்கள்கிழமை காலை நிர்வாகியின் அறைக்குக் கூப்பிட்டார்கள். உற்சாகமாக இருந்தார்.

“அடுத்த வருஷமும் இதே காட்சி வேணும்னு கேக்குறாங்க. உங்க பொண்ணு தயாரா இருப்பாளா?”

“இருக்க மாட்டா.”

“பரவாயில்லை, பேசிக்கலாம். இப்ப ஒரே ஒரு சின்னக் குறை.” கோப்பைத் திறந்தார். “படிவம் பாதியில நிக்குது. மாத்திரை உள்ள போயிருக்கு, அனுமதி இல்லை. நாப்பத்திரண்டு கோப்புல இது ஒண்ணுதான் அரைகுறை. காரணம்ங்கற இடத்தை நீங்களே நிரப்பிடுங்க. வெள்ளிக்கிழமை தேதி போட்டு ஒரு சீல். தொழில் தெரிஞ்சவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.”

படிவத்தையும் முத்திரையையும் என் முன்னால் நகர்த்தினார்.

காரணம் என்ற இடத்தில் வாலு எழுதியிருந்தாள். ‘கை நடு’. அதற்கு மேல் ஒரு கோடு சரிந்து, காகிதத்தின் ஓரம் வரை போயிருந்தது. அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை.

“சார், இந்த ஸ்டாம்ப்ல பழுது இருக்கு” என்றேன். “திரும்ப எடுத்துக்கறேன்.”

“பழுதா? எழுத்தெல்லாம் நல்லாத்தானே இருக்கு.”

“எழுத்து நல்லா இருக்கு. லேட்டா விழுது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை முத்திரையை எடுத்து வெள்ளைத் தாளில் ஓங்கி அமுக்கினார். ‘அவசரச் சர்க்கரை அனுமதிக்கப்பட்டது.’ ஓரம் தடிக்காமல், இரட்டைக் கோடு தனித்தனியாக, அழகாக விழுந்தது.

“உடனே விழுதே” என்றார்.

“இப்ப விழும் மேடம்.”

“திரும்பக் கொடுக்கறதுக்கும் ஒரு நடைமுறை இருக்கு” என்றார் நிர்வாகி. “நீங்க விண்ணப்பிக்கணும். நாங்க அதுல இதே சீலை வெச்சு…” யோசித்தார். “அதுக்கு ஒரு தனி சீல் செய்ய வேண்டியிருக்கும்.”

என் பையில் மைப் புட்டியோடு ஒரு பிளேடும் இருக்கும். முத்திரையை ரத்து செய்ய எங்கள் தொழிலில் ஒரே வழி. ரப்பரை ஓரத்துக்கு ஓரம் கீறிவிடுவது. அதற்கும் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாமல் நான் கீறியதில்லை.

கீறினேன். முதல் கீறல் ‘அவசர’த்தில் தொடங்கியது. நல்ல ரப்பர், எளிதில் வெட்டுப்படவில்லை. இரண்டாவது கீறலில் துண்டானது.

“கடிதம் இல்லாம எப்படி சார் நீங்க…” என்றார் நிர்வாகி. குரலில் உண்மையான வலி இருந்தது. இந்தப் பள்ளியில் அவரிடம் நான் கண்ட முதல் வலி.

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் அந்தக் கோப்பு என்ன ஆகும் என்று தெரியாது. உறுதிமொழி மட்டும் அவர்களிடம் இருக்கிறது. என் கையெழுத்தோடு. அதைக் கீற என்னிடம் பிளேடு இல்லை.

கடைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். அந்த அச்சின் பக்கத்தில் ரத்து என்று எழுதினேன். யார் சொல்லி என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ‘டாக்டர்’ என்று எழுதினேன். தேதி, ‘முதல்ல வாயில’ என்று அவர் சொன்ன நாள்.

*

வாலு செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போனாள். வழியில் அவளிடம் பேசினேன்.

“ஒரு மாதிரி இருந்தா நீயே எடுத்து வாயில போட்டுக்க. மிஸ்ஸைக் கேக்காதே. யாரையும் கேக்காதே.”

“ஸ்டாம்ப்?”

“இல்லை. வெட்டிப் போட்டுட்டேன்.”

நின்றாள். “நீ செஞ்சதையா?”

“ஆமா.”

“நான் சரியாத்தானேப்பா இருந்தேன்? நீ சொன்ன மாதிரியே இருந்தேன்.”

“நீ சரியாத்தான் இருந்தே. அப்பா சொன்னதுதான் தப்பு.”

என் கையைப் பிடித்து, இன்னும் ஊதாவாக இருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“ஸ்டாம்ப் நல்லாத்தான் இருந்துச்சுப்பா” என்றாள். எனக்கு ஆறுதலாக.

வாசல் வந்தது. பித்தளைப் பலகையைப் புதிதாகத் துடைத்திருந்தார்கள். காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஆ காட்டு.”

வாலு ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி, தலையை இல்லை என்று ஆட்டினாள். அவரைத் தாண்டி உள்ளே போனாள். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினாள். காவலாளி என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கம் திரும்பினார்.

என் வாய் திறந்திருந்தது. நாக்கும் வெளியே நீண்டிருந்தது.

மூடிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று.